மெலிந்த உடலும் பருத்த உடலும் ஒரே வரிசையில்: மதுரையில் ஒரு கால் இரத்தநாளச் சிகிச்சைப் பிரிவு குறித்த மதிப்புரை

மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் இரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவில் என் தந்தையும் என் அத்தையும் ஓராண்டுக்கும் மேலாகச் சிகிச்சை பெற்று வருகிறார்கள். இருவருக்கும் நோய் ஒன்றே: கால்களுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகிவிட்டது. மருத்துவர்கள் இதைப் புறத்தமனி நோய் என்கிறார்கள், ஓ.பி. வரிசையில் காத்திருப்பவர்கள் ‘கால் ரத்தக்குழாய் அடைப்பு’ என்கிறார்கள். ஆனால் இருவரின் உடலும் நேரெதிரானவை. அப்பா 165 செ.மீ. உயரமும் 47 கிலோ எடையும் உடையவர்; உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. அவருக்கு 17.3. அத்தை 152 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் உடையவர். அவருக்கு அதே கணக்கு 33.8. இந்த இருவரையும் ஒரே பிரிவு எப்படி நடத்துகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால், அங்கே செல்ல நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

எங்கள் உறவினர்கள் எல்லோரும் அத்தைக்காகவே கவலைப்பட்டார்கள். ‘அண்ணன் ஒல்லியாத்தானே இருக்கார், அவருக்கு என்ன வந்துடப் போகுது’ என்பதே பேச்சாக இருந்தது. மாரடைப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் பற்றி ஊடகங்களில் பல ஆண்டுகளாகக் கேட்டதன் விளைவாக, எடை கூடினால் ஆபத்து, குறைந்தால் பாதுகாப்பு என்ற ஒரே கோட்டில் நாம் சிந்திக்கப் பழகிவிட்டோம். கால் தமனி நோயில் அந்தக் கோடு வளைந்துவிடுகிறது. இந்நோய்க்காக மருத்துவமனைக்கு வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் பலவற்றில், அடுத்து வரும் ஆண்டுகளில் அதிகமாக இறந்தவர்கள் பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருந்த மெலிந்தவர்கள்தான். இயல்பான எடை கொண்டவர்களை விடவும் ஓரளவு பருமனானவர்கள் நீண்ட காலம் வாழ்ந்ததாகவே அந்தக் கணக்குகள் காட்டின. அமெரிக்காவின் அறுவை சிகிச்சைத் தரப் பதிவேட்டைக் கொண்டு 2009-இல் வெளியான பகுப்பாய்வும், இரத்தநாள அறுவைக்குப் பிந்தைய 30 நாள் இறப்பு மெலிந்தவர்களிடம் மிகுதியாகவும் மிதமான பருமன் உடையவர்களிடம் குறைவாகவும் இருந்ததையும், புண்ணில் கிருமித்தொற்று மட்டும் எடையோடு சேர்ந்து ஏறியதையும் பதிவு செய்தது. ஆகவே எங்கள் வீட்டில் உடனடியாகக் கவலைப்பட வேண்டியவர் அப்பாதான். இதை முதல் நாளே எங்களுக்குப் புரியும்படி சொன்னார்கள் என்பதற்காகவே இந்தப் பிரிவுக்கு நான் உயர்ந்த மதிப்பெண் தருவேன்.

முதல் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான ஓ.பி.க்களில் எடை பார்ப்பது ஒரு சடங்காக முடிந்துவிடும். செவிலியர் எண்ணைச் சொல்வார், இன்னொருவர் சீட்டில் எழுதுவார், அதை யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள். இங்கே எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றோடு கெண்டைக்காலின் சுற்றளவையும் நாடாவால் அளந்தார்கள். கைப்பிடி வலுவைக் காட்டும் ஒரு கருவியை அழுத்தச் சொன்னார்கள். பிறகு படிவத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன: கடந்த ஓராண்டில் எடை குறைந்ததா, ஐம்பது வயதில் உங்கள் எடை என்ன? அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர் என்பதால், அங்கே ஆண்டுதோறும் நடந்த உடற்பரிசோதனையின் அட்டையை இன்றும் வைத்திருக்கிறார். அந்த வயதில் அவர் 61 கிலோ. ஓராண்டுக்கு முன்பு 51 கிலோ. இப்போது 47. ஓராண்டில் தானாகவே உடல் எடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலே காரணம் தேட வேண்டும் என்பது முதியோர் மருத்துவத்தின் பொதுவான விதி. அப்பா அதைத் தாண்டிவிட்டிருந்தார். நெஞ்சுப் படம், தைராய்டு, இரத்தப் பரிசோதனைகள், சாப்பிடும் அளவு பற்றிய விசாரணை என்று அன்றே தேடலைத் தொடங்கினார்கள்.

ஐம்பது வயது எடையை ஏன் கேட்கிறார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பின்னர் தேடிப் படித்தபோது அந்தக் கேள்வியின் அருமை தெரிந்தது. அமெரிக்காவின் நான்கு பகுதிகளில் 65 வயதைக் கடந்த 5,419 பேரைக் கொண்டு நடந்த இதய ஆய்வு ஒன்றின் தரவுகளை 2011-இல் ஆராய்ந்தார்கள். எல்லோரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எடை கூடக் கூடக் கால் தமனி நோய் சற்றுக் குறைவதாகவே தெரிந்தது. ஆனால் வாழ்நாளில் ஒருபோதும் புகைக்காத, வேறு நோயில்லாத நல்ல உடல்நிலையில் இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது கணக்கு தலைகீழானது: எடை கூடக் கூட நோயும் கூடியது. அவர்களிடம் ஐம்பது வயதில் இருந்த எடையை வைத்துக் கணக்கிட்டபோதும் அதே விடைதான் வந்தது. அதாவது, நடுவயதில் சேர்ந்த கூடுதல் எடை தமனியைக் கெடுக்கிறது. முதுமையில் நோயும் புகையும் சேர்ந்து அதே உடலைக் கரைக்கின்றன. அந்தக் கடைசிக் கட்டத்தில் மட்டும் எடை பார்க்கும் மருத்துவருக்கு மெலிந்தவர் ஆபத்தில் இருப்பதாகவும் பருத்தவர் பாதுகாப்பாக இருப்பதாகவும் தோன்றுகிறது.

மருத்துவ உலகில் இதற்கு ‘உடற்பருமன் முரண்’ என்று பெயர் வைத்துப் பல ஆண்டுகளாக விவாதிக்கிறார்கள். என் புரிதலில், அந்த முரணின் பெரும்பகுதி கணக்குப் பார்க்கும் நேரத்தால் உண்டானது. பீடியும் சிகரெட்டும் பசியைக் குறைத்து உடலை மெலியச் செய்கின்றன; அதே புகைதான் கால் தமனிகளையும் மற்ற எந்தக் காரணத்தையும் விடக் கடுமையாகக் கெடுக்கிறது. நுரையீரல் நோய், சிறுநீரகச் செயலிழப்பு, மறைந்திருக்கும் புற்றுநோய் ஆகிய ஒவ்வொன்றும் எடையைக் குறைத்து, உயிரையும் எடுத்துச் செல்லக்கூடியவை. பருத்தவர்களோ மூட்டுவலி, இரத்த அழுத்தம், சர்க்கரை என்று இளம் வயதிலேயே மருத்துவரிடம் வந்துவிடுவதால், ஆஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையும் அவர்களுக்கு முன்னதாகவே தொடங்கிவிடுகின்றன. இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒரு மிச்சம் இருக்கிறது, அது தசை. புண் ஆறுவதற்கும், அறுவைக்குப் பின் எழுந்து நடப்பதற்கும், கிருமித்தொற்றைத் தாங்குவதற்கும் உடல் எடுத்துச் செலவழிப்பது தசையில் உள்ள புரதத்தைத்தான். அந்தக் கையிருப்பு இல்லாதவருக்கு ஒரு சிறிய விரல் புண்கூடப் பெரும் செலவாகிவிடுகிறது.

இந்தப் பிரிவின் மருத்துவர் இதை அப்பாவின் சி.டி. படத்தைக் கொண்டே காட்டினார். கால் தமனிகளைப் பார்க்க எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் வயிற்றுப் பகுதியையும் கடந்தே வருகிறது. இடுப்பு முள்ளெலும்புகளில் மூன்றாவதன் மட்டத்தில் அந்தப் படத்தை நிறுத்தினால், முதுகெலும்பின் இருபுறமும் உள்ள தசைகளின் பரப்பை அளந்துவிடலாம். தனியாக ஒரு படமோ கூடுதல் கட்டணமோ தேவையில்லை. கால் தமனி நோய் முற்றியவர்களிடம் இந்தப் பரப்பு குறைவாக இருந்தால் ஆயுளும் குறைகிறது என்பதை ஜப்பானிய மருத்துவர்கள் பலமுறை காட்டியிருக்கிறார்கள். ‘ஐயா, உங்க காலுக்கு வழி திறக்கிறது என் வேலை. அந்தக் காலைத் தூக்கி நடக்கிற சதை உங்ககிட்டதான் இருக்கணும்’ என்று அவர் சொன்னது அப்பாவுக்கு எந்த விளக்கத்தையும் விட நன்றாகப் புரிந்தது.

பரிசோதனை அறையில் இன்னொரு நுணுக்கத்தைக் குறிப்பிட வேண்டும். இந்நோயை உறுதி செய்யும் முதல் சோதனை எளிமையானது: கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் இரத்த அழுத்தத்தால் வகுப்பது. விடை 0.90 அல்லது அதற்குக் கீழ் என்றால் கால் தமனியில் அடைப்பு உண்டு. இந்த வகுத்தலில் கையின் அளவு தவறினால் காலின் விடையும் தவறிவிடும். மெலிந்த கையில் அகலமான பட்டையைச் சுற்றினால் கையின் அழுத்தம் உண்மையை விடக் குறைவாகக் காட்டும். வகுக்கும் எண் சிறிதாவதால் விடை பெரிதாகி, நோய் மறைந்துவிடும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அதற்கு நேர்மாறாக நடக்கும். எங்கள் ஊரில் முன்பு பார்த்த ஒரு பரிசோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே பட்டைதான்; அங்கே அப்பாவின் வலது கால் எல்லைக்கோட்டில் இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். இங்கே கையின் சுற்றளவை அளந்து அதற்கேற்ற சிறிய பட்டையைப் போட்டு, டாப்ளர் கருவியின் ஒலியைக் கேட்டு அளந்தபோது வலது கால் 0.56, இடது கால் 0.81 என்று வந்தது. நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும், நின்றால் விட்டுப்போவதும் வயதின் கோளாறு என்று அதுவரை நம்பியிருந்தவர் அவர்.

அத்தைக்கு அதே சோதனை வேறு விதமாகப் போனது. நீண்ட காலச் சர்க்கரை நோயால் கணுக்கால் தமனிகளில் சுண்ணாம்பு படிந்து, பட்டையால் அழுத்தினாலும் தமனி அமுங்கவில்லை, விடை 1.46 என்று வந்தது. 1.40-க்கு மேல் வந்தால் அந்த எண்ணை நம்பக் கூடாது என்பதை அறியாத இடங்களில் ‘இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது’ என்று எழுதிவிடக்கூடும். இங்கே காலின் பெருவிரலில் சிறிய பட்டையைச் சுற்றி மறுபடி அளந்தார்கள். விரல் தமனிகளில் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை. அந்த விடை 0.48; பெருவிரலில் 0.70-க்குக் கீழே வந்தால் அடைப்பு உண்டு என்று பொருள். சென்னையில் நடந்த நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வு ஒன்று, பெரியவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் 6.3 விழுக்காட்டினருக்கும் கால் தமனி நோய் இருப்பதாக 2000-இல் வெளியிட்டது. சர்க்கரை நோயாளிகள் பெருகியுள்ள நம் ஊர்களில் பெருவிரல் அளவீடு ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் கிடைக்க வேண்டும்.

அப்பாவின் வலது தொடைத் தமனியில் பலூன் சிகிச்சை தேவைப்பட்டது. நடைவலிக்கு உடனே பலூன் போடும் வழக்கம் இவர்களிடம் இல்லை; பாதத்தில் ஆறாத புண் ஒன்று வந்துவிட்டதால்தான் முடிவெடுத்தார்கள். அதற்கு முன்பு செய்த ஒரு காரியத்தை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மெலிந்த முதியவர்களை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது முக்கியமானது. ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்தும் சாயமருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. ஆகவே முன்னதாக கிரியாட்டினின் பார்ப்பார்கள். அப்பாவின் கிரியாட்டினின் 0.8. பார்த்தவுடன் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் கிரியாட்டினின் என்பது தசையில் இருந்து வரும் கழிவு. தசையே குறைந்தவருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தாலும் அந்த எண் குறைவாகவே நிற்கும். தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு பரிசோதனையைச் செய்தபோது, சிறுநீரகத்தின் திறன் அந்த 0.8 காட்டியதை விடக் கணிசமாகக் குறைந்திருப்பது தெரிந்தது. சாயமருந்தின் அளவைக் குறைத்து, முன்னும் பின்னும் திரவம் ஏற்றி, வலி மாத்திரைகளை நிறுத்தி, அதன் பிறகே சிகிச்சைக்கு அழைத்துச் சென்றார்கள்.

இரத்தம் உறையாமல் இருக்கச் செலுத்தும் ஹெப்பாரின் மருந்தையும் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டே கொடுத்தார்கள். எல்லோருக்கும் 5,000 யூனிட் என்று பழக்கத்தில் செலுத்தினால் 47 கிலோ உடலில் அது கிலோவுக்கு நூறைத் தாண்டிவிடும். மெலிந்த, வயதான நோயாளிகளுக்கு ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கட்டுவதற்கு இது ஒரு வழி. மிகவும் மெலிந்தவர்களும் மிகவும் பருத்தவர்களும் ஆகிய இரு முனையினருக்குமே தொடை இடுக்கில் இரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடுதல். ஒருவருக்குத் தமனியைத் தாங்கிப் பிடிக்கச் சதை இல்லை. இன்னொருவருக்குச் சதையின் ஆழத்தில் தமனியைக் கண்டுபிடிப்பதும், பின்னர் விரலால் அழுத்தி நிறுத்துவதும் கடினம். இங்கே ஸ்கேன் கருவியில் தமனியைப் பார்த்துக்கொண்டே ஊசி போடுகிறார்கள். அப்பாவுக்குச் சிறு கன்றலோடு போனது. புண் மெல்ல மெல்ல, ஆனால் முழுமையாக ஆறியது.

இனி நடைப் பயிற்சி. இந்தப் பிரிவின் ஆகச் சிறந்த சேவை இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். கால் தமனி நோயால் வரும் நடைவலிக்கு, மேற்பார்வையோடு நடக்கவைக்கும் பயிற்சி மருந்துக்கு இணையானது: வாரத்தில் குறைந்தது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 30 முதல் 60 நிமிடம், குறைந்தது 12 வாரம். வலி வரும்வரை நடக்க வேண்டும், வலி ஓரளவு கடுமையானதும் உட்கார வேண்டும், விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். இடுப்புத் தமனி அடைப்பு உள்ளவர்களிடம் ஸ்டென்ட் பொருத்துவதையும் மேற்பார்வைப் பயிற்சியையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில், ஆறு மாத முடிவில் டிரெட்மில்லில் அதிக நேரம் நடந்தவர்கள் பயிற்சி செய்தவர்கள்தான். அது 2012-இல் வெளியானது. அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடு 2017 முதல் 12 வாரத்தில் 36 அமர்வுகளுக்குப் பணம் தருகிறது. எங்கள் காப்பீடோ ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. பலூனுக்கும் ஸ்டென்ட்டுக்கும் இலட்சக்கணக்கில் அனுமதி தரும் நிறுவனம், அவற்றைத் தள்ளிப்போடக்கூடிய பயிற்சிக்குக் கைவிரிப்பது எனக்கு வருத்தத்தையும் கோபத்தையும் தருகிறது.

பயிற்சியிலும் உடலின் அளவுக்கு ஏற்ப வேறுபாடு செய்தார்கள். அப்பாவுக்கு நடையோடு, நாற்காலியில் இருந்து கைபிடிக்காமல் எழுவது, மணல் பையைக் கணுக்காலில் கட்டிக் காலை நீட்டுவது, குதிகாலை உயர்த்தி நிற்பது என்று தசை வளர்க்கும் பயிற்சிகளையும் சேர்த்தார்கள். அத்தைக்கு முழங்கால் தேய்மானம் இருந்ததால், கெண்டைக்கால் வலி வருவதற்கு முன்பே முழங்கால் வலி அவரை நிறுத்திவிட்டது. ‘குண்டா இருந்தா இப்படித்தான்’ என்று சொல்லி அனுப்பிவிடாமல், கையால் மிதிவண்டியின் மிதிகட்டையைச் சுழற்றுவது போன்ற கருவியில் தொடங்கவைத்தார்கள். கைக்குக் கொடுக்கும் பயிற்சிகூடக் கால் தமனி நோயாளிகளின் நடைத் தூரத்தைக் கூட்டும் என்பது ஆய்வுகளில் காட்டப்பட்ட ஒன்று. சில வாரங்களில் அவர் டிரெட்மில்லுக்கு மாறினார். பிசியோதெரபிஸ்ட் பெண் ‘அம்மா, வலி எத்தனை மார்க்?’ என்று கேட்டு எழுதிக்கொள்வதும், அத்தை பள்ளிப் பிள்ளையைப் போல் பொறுப்பாகப் பதில் சொல்வதும் அந்தக் கூடத்தில் தினமும் கேட்கும் உரையாடல்.

அத்தையைப் பற்றிய இடத்தில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பருத்தவர்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்ற கணக்கைக் கேட்டுவிட்டு அத்தை எடை குறைக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்வது தவறு. உயிரோடு இருப்பது ஒரு விளைவு. நடக்க முடிவது இன்னொரு விளைவு. அறுத்த இடம் ஆறுவது மூன்றாவது விளைவு. உடல் எடை இந்த மூன்றையும் ஒரே திசையில் இழுப்பதில்லை. சிகாகோவில் கால் தமனி நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பி.எம்.ஐ. 30-க்கு மேல் இருந்தவர்களின் ஆறு நிமிட நடைத் தூரம் இயல்பான எடை கொண்டவர்களை விட வேகமாகக் குறைந்தது. இடுக்கில் அறுத்துப் பைபாஸ் செய்ய நேர்ந்தால் வயிற்று மடிப்பின் ஈரத்தில் அந்தக் காயம் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் பருத்தவர்களுக்கே அதிகம். எனவே அத்தைக்கு, தசையை இழக்காமல் மெதுவாக எடை குறைப்பதே இலக்கு.

அந்த வகையில் சர்க்கரையையும் எடையையும் குறைக்க வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூட்டைட் ஊசி பற்றியும் பேச்சு வந்தது. சர்க்கரையும் கால் தமனி நோயும் சேர்ந்த 792 பேரிடம் 20 நாடுகளில் நடந்து 2025-இல் வெளியான ஸ்ட்ரைட் ஆய்வில், ஓராண்டு முடிவில் அந்த ஊசி போட்டவர்களின் அதிகபட்ச நடைத் தூரம், போலி மருந்து பெற்றவர்களோடு ஒப்பிடும்போது 13 விழுக்காடு கூடுதலாக முன்னேறியிருந்தது. அத்தை அதைத் தொடங்கியிருக்கிறார். அப்பாவுக்கும் லேசான சர்க்கரை இருக்கிறதே, அவருக்கும் தரலாமா என்று நான் கேட்டபோது மருத்துவர் உறுதியாக மறுத்தார். பசியைக் குறைக்கும் மருந்தை 47 கிலோ மனிதருக்குக் கொடுக்கும் துணிவு தனக்கு இல்லை என்றார். அந்தத் தெளிவான மறுப்பை நான் மதிக்கிறேன்.

இவ்வளவு கவனமாக இயங்கும் பிரிவு, உணவு ஆலோசனையில் மட்டும் சறுக்குகிறது. மருத்துவரின் அறையில் இருந்து வெளியே வந்தால் பக்கத்து மேசையில் அச்சடித்த ஒரு தாளைத் தருகிறார்கள். காலையில் இரண்டு இட்லி, இரவில் இரண்டு சப்பாத்தி, முட்டையின் மஞ்சள் கரு கூடாது, நிலக்கடலை கூடாது, தேங்காய் கூடாது, எண்ணெய் மாதம் அரை லிட்டர். இது எடை குறைக்க வேண்டியவருக்கான தாள். அதே தாளைத்தான் அப்பாவுக்கும் கொடுத்தார்கள். சொன்ன சொல் தவறாத அவர் அதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றி, அடுத்த சோதனைக்குள் மேலும் ஒரு கிலோவுக்கு மேல் இழந்துவிட்டார். உள்ளே ஒரு மருத்துவர் தசையை அளந்து கவலைப்பட, வெளியே ஒரு தாள் அந்தத் தசையைக் கரைக்கும் வேலையைச் செய்தது. இதை நான் எழுத்தில் புகாராகக் கொடுத்தேன். பின்னர் டயட்டீஷியன் நேரில் உட்கார்ந்து வேறொரு திட்டம் எழுதினார்: நோயுற்ற முதியவருக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 1.2 கிராம் புரதம் என்ற கணக்கில், அப்பாவின் சிறுநீரக மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டு, நாளுக்கு 55 கிராம் அளவில், இரண்டு முட்டை, மதியம் மீன் அல்லது பருப்பு, மாலையில் சுண்டல், இரவில் தயிர், இடையில் ஒரு கை நிலக்கடலை. எடை குறைவது அதன் பிறகு நின்றது. இருப்பினும் அந்த அச்சடித்த தாள் இன்றும் எல்லோருக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. மெலிந்தவர்களுக்கென்று இன்னொரு தாள் அச்சடிக்க ஆகும் செலவு மிகச் சிறியது.

இன்னொரு குறை, அவர்களுடைய கணினிப் படிவத்தில் இருக்கிறது. எடையை உள்ளிட்டால் பி.எம்.ஐ. 25-க்குக் கீழே எல்லாவற்றையும் பச்சை நிறத்தில் ‘இயல்பு’ என்று காட்டுகிறது. இந்தியர்களுக்கு 23-இல் இருந்தே அதிக எடை, 25-இல் இருந்தே பருமன் என்று 2009-இல் இந்திய வல்லுநர்கள் வரையறுத்தார்கள். இடுப்புச் சுற்றளவுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று எல்லை வைத்தார்கள். புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டனின் மருத்துவர் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டு இதை உலகுக்குக் காட்டினார்கள்: இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, ஆனால் உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. வெளிப்பார்வைக்கு ஒல்லியாகவும், உள்ளே தசை குறைந்து கொழுப்பு கூடியும் இருப்பது நம் உடல்வாகில் பரவலாக உள்ளது. நாடாவால் இடுப்பை அளக்கும் இதே பிரிவு, அந்த அளவைக் கணினியில் ஏற்ற இடமே வைக்கவில்லை. அது கையெழுத்தாகக் கோப்பின் ஓரத்தில் தங்கிவிடுகிறது. அடுத்த முறை வேறு மருத்துவர் பார்த்தால் அது அவர் கண்ணில் படுவதில்லை.

கால் இழந்தவர்களின் எடையைப் பார்ப்பதிலும் ஒரு நல்ல வழக்கத்தைக் கவனித்தேன். முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்ட கால், உடல் எடையில் சுமார் 6 விழுக்காடு. அதைச் சேர்த்துக் கணக்கிடாவிட்டால் ஒருவர் உண்மையில் மெலிந்தாரா, கால் போனதால் எடை குறைந்ததா என்று சொல்ல முடியாது. பயிற்சிக் கூடத்தில் அப்பாவோடு பழகிய ஒருவருக்கு அந்தத் திருத்தத்தோடுதான் எழுதி வைத்திருந்தார்கள்.

செலவைப் பொறுத்தவரை, முதல் பரிசோதனைத் தொகுப்பு எங்களுக்கு 2,800 ரூபாய் ஆனது. பெருவிரல் அழுத்தத்துக்குத் தனியே 600 ரூபாய். பயிற்சிக்கு அமர்வுக்கு 350 ரூபாய் வாங்குகிறார்கள். மூன்று மாதத்துக்கு இது சிறிய தொகையல்ல. பேருந்துக் கட்டணத்தையும் சேர்த்தால் சுற்று ஊர்களில் இருந்து வருபவர்கள் நான்காவது வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். வீட்டில் நடப்பவர்களுக்கு வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்துத் தூரத்தையும் வலியையும் கேட்டு எழுதும் ஏற்பாட்டை இவர்கள் தொடங்கினால், அவர்களில் பலரைத் தக்கவைத்துக்கொள்ள முடியும் என்று நினைக்கிறேன். காத்திருப்பு நேரம் நீளமானது. காலை டோக்கன் வாங்கினாலும் மதியச் சாப்பாட்டு வேளையைத் தாண்டிவிடும். சர்க்கரை நோயாளிகளும் மெலிந்த முதியவர்களும் உட்கார்ந்திருக்கும் அந்தக் கூடத்தில் ஒரு சிற்றுண்டிக் கடைகூட இல்லாதது சரியில்லை. நாற்காலிகளும் ஒரே அளவில், கைப்பிடியோடு, குறுகலாக இருப்பதால் அத்தையைப் போன்றவர்கள் சுவரோரம் நின்றுகொண்டே காத்திருக்கிறார்கள். கால் வலிக்காக வந்தவர்களை நிற்கவைக்கும் இந்த ஏற்பாட்டை உடனே மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும் சேர்த்து, ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். பரிசோதனை, பலூன் சிகிச்சை, பயிற்சி ஆகிய மூன்றிலும் முழு மதிப்பெண். உணவுத் தாளுக்கும் படிவத்துக்கும் நாற்காலிகளுக்கும் சேர்த்து ஒன்றைக் குறைத்திருக்கிறேன். செல்பவர்கள் பழைய எடை குறித்த ஏதேனும் ஆவணம், அது வேலை இடத்து மருத்துவ அட்டையாகவோ பழைய மருந்துச் சீட்டாகவோ இருந்தாலும், தேடி எடுத்துச் செல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளைப் பையோடு கொண்டு போங்கள். வலி மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் மறைக்க வேண்டாம். அளக்கும் நாளில் கை முழுவதும் மேலே ஏற்றக்கூடிய சட்டையை அணியுங்கள், பட்டையைத் துணியின் மேல் சுற்றவிடாதீர்கள். உங்கள் வீட்டு நோயாளி மெலிந்தவராக இருந்தால், அச்சடித்த உணவுத் தாளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாமல் டயட்டீஷியனை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். திங்கள், வியாழன் பிற்பகலில் அவர் இருக்கிறார்.